ஒரு மாகாணம் ஒரு மாவட்டமான விதம்: பஞ்ச வரலாற்றில் ஒரு பிஎச்.டி. புரொபோசலின் நிகழ்வு ஆய்வு

பின்னணி

தமிழ்நாட்டில் ஒரு அரசு உதவி பெறும் கல்லூரி. வரலாற்றுத் துறையில் பிஎச்.டி. சேர்ந்த ஒரு மாணவி, அவருடைய கைடு, டாக்டரல் கமிட்டிக்கு வெளியிலிருந்து பாட வல்லுநராகப் போன நான், கமிட்டியில் இன்னும் ஒருவர். இவ்வளவு பேர்தான் இந்த நிகழ்வில். யாருடைய பெயரும் ஊரும் கல்லூரியும் இங்கே வராது. மாணவியிடம் கேட்டுத்தான் எழுதுகிறேன், படித்துப் பார்த்துச் சில இடங்களைத் திருத்தியும் கொடுத்தார்.

ஒரு சூழ்நிலையை முதலில் சொல்லிவிட வேண்டும். முன்பெல்லாம் எம்.ஏ. முடித்து எம்.ஃபில். போவார்கள். அந்த ஒரு வருஷத்து ஆய்வேட்டுக்காகத்தான் நிறையப் பேர் முதல்முதலாக எழும்பூர் ஆவணக்காப்பகத்தின் படியேறுவார்கள், அங்கே தடுமாறுவார்கள், பிஎச்.டி.க்கு வரும்போது அந்தத் தடுமாற்றம் பழகிப்போயிருக்கும். பல்கலைக்கழக மானியக் குழுவின் 2022 விதிமுறை எம்.ஃபில்.லை நிறுத்திவிட்டது. இப்போது எம்.ஏ. முடித்த கையோடு பிஎச்.டி. பதிவு, குறைந்தது 12 கிரெடிட்டுக்குக் கோர்ஸ் ஒர்க், அதற்கப்புறம் புரொபோசல். அதாவது ஒரு ஆவணக் கட்டைக்கூடப் பிரித்துப் பார்க்காமலேயே அடுத்த சில வருஷங்கள் எந்த ஆவணத்தைப் படிக்கப்போகிறேன் என்று எழுதிக் கொடுக்க வேண்டிய நிலை. இந்த மாணவியும் அப்படித்தான் வந்தார். அதில் அவருடைய குறை ஒன்றும் இல்லை.

முதல் வரைவு

தலைப்பு: ‘சென்னை மாகாணத்தில் பஞ்சங்களும் நிவாரணமும், 1858–1947: ஒரு சமூகப் பொருளாதார ஆய்வு’. 14 பக்கம், ஆங்கிலத்தில். பல்கலைக்கழகம் கொடுத்த படிவத்தின் எல்லாக் கட்டங்களும் ஒழுங்காக நிரப்பப்பட்டிருந்தன. நோக்கங்கள் ஆறு. கருதுகோள் ஒன்று: பஞ்சங்கள் மக்களின் சமூகப் பொருளாதார வாழ்வைக் கடுமையாகப் பாதித்தன. இதை மறுக்க இந்த உலகத்தில் யாராவது இருக்கிறார்களா? யாரும் மறுக்க முடியாத ஒன்றை நிரூபிக்க எதற்கு இத்தனை வருஷம்? ஆய்வு முறை என்ற தலைப்பின் கீழ் ‘வரலாற்று முறை, விவரிப்பு முறை, பகுப்பாய்வு முறை’ என்ற அந்தப் புகழ்பெற்ற மூன்றும் இருந்தன. இயல் பகுப்பு: நில அமைப்பு, பஞ்சத்தின் காரணங்கள், விளைவுகள், நிவாரணம், முடிவுரை.

தலைப்பின் அளவைக் கொஞ்சம் யோசித்துப் பார்க்கலாம். 1866-இல் ஒரிசாப் பஞ்சத்தோடு சேர்ந்து மாகாணத்தின் வடகோடியில் கஞ்சம் மாவட்டம் பட்டினி கிடந்தது. 1876–78-இல் தாது வருஷப் பஞ்சம், அதில் பெல்லாரி, கர்நூல், கடப்பை, சேலம், ஆற்காடு மாவட்டங்கள் எல்லாம் மாட்டின. 1896–97-இல் இன்னொன்று. இவை எல்லாவற்றையும் மாகாணம் முழுவதும் படிக்க வேண்டும் என்றால் தமிழும் ஆங்கிலமும் போதாது, தெலுங்கும் கன்னடமும் ஒடியாவும் வேண்டும். மாணவிக்குத் தெரிந்தது தமிழும் ஆங்கிலமும். புரொபோசலில் இதைப் பற்றி ஒரு வரி இல்லை.

இந்தியப் பல்கலைக்கழக ஆய்வேடுகளைச் சேர்த்து வைக்கும் ஷோத்கங்கா தளத்தில் பஞ்சம் என்று தேடினால் கிட்டத்தட்ட இதே அமைப்பில் ஆய்வேடுகள் வந்து விழும், மாகாணமும் வருஷமும்தான் மாறும். மாணவி அவற்றைத்தான் மாதிரியாக எடுத்துக்கொண்டிருந்தார். ஏற்கப்பட்ட ஆய்வேடுகள்தானே அவை, வேறு எதைப் பார்த்து எழுதியிருப்பார்?

முதல் கூட்டம்

கூட்டம் ஒரு மணி நேரம்கூட இல்லை. அதில் மூன்று விஷயங்கள் நடந்தன, மூன்றும் முக்கியம்.

முதலாவது, ஆதாரங்கள். முதன்மை ஆதாரங்களின் பட்டியலில் சுதேசமித்திரன் இருந்தது. தாது வருஷப் பஞ்சத்தைப் பற்றி அந்தக் காலத் தமிழ்ப் பத்திரிகைகள் என்ன எழுதின என்று பார்க்கப்போவதாக மாணவி சொன்னார். கமிட்டியில் இருந்த மூத்தவர், “ஏம்மா, சுதேசமித்திரன் எப்ப ஆரம்பிச்சாங்க?” என்று கேட்டார். பதில் இல்லை. சுதேசமித்திரன் தொடங்கியது 1882-இல். தி இந்து தொடங்கியதே 1878 செப்டம்பர் 20-ஆம் தேதி. பஞ்சம் உச்சத்தில் இருந்த 1877-இல் இரண்டும் கிடையாது. நாம் வழக்கமாகச் சாயும் பத்திரிகைத் தூண்கள் எதுவும் இல்லாத ஒரு காலம் அது. அன்றைய சுதேசிப் பத்திரிகைகளில் என்ன வந்தது என்று தெரிந்துகொள்ள, அரசாங்கம் தனக்காக மொழிபெயர்த்துச் சுருக்கி வைத்துக்கொண்ட அறிக்கைகள் உண்டு. ஆனால் அவை அரசு மொழிபெயர்ப்பாளர் தேர்ந்தெடுத்த சுருக்கம், பத்திரிகை அல்ல. இந்த வேறுபாடு ஆதாரப் பட்டியலில் தெரிய வேண்டும்.

இரண்டாவது, ஒரு எண். அன்றைய சேலம் மாவட்டத்தின் மக்கள்தொகை 1871 கணக்கெடுப்பில் சுமார் 19.67 லட்சம், 1881-இல் சுமார் 16 லட்சம். வித்தியாசம் மூன்றரை லட்சத்துக்கு மேல். மாணவி இதை அப்படியே பஞ்சச் சாவு என்று எழுதியிருந்தார். இது தவறு, அதுவும் இரண்டு பக்கமும் இழுக்கிற தவறு. 1871-க்கும் 1876-க்கும் இடையில் மக்கள்தொகை கூடியிருந்தால் உண்மையான இழப்பு இந்த வித்தியாசத்தைவிட அதிகம். ஊரைவிட்டு இலங்கைக் காப்பித் தோட்டங்களுக்கும் வேறு பக்கங்களுக்கும் போய்த் திரும்பாதவர்களைக் கழித்தால் சாவு அதைவிடக் குறைவு. பஞ்ச வருஷங்களில் பிறப்பு விழுந்துபோகும், அதுவும் இதே எண்ணுக்குள் ஒளிந்திருக்கிறது. அப்புறம் ‘சேலம் மாவட்டம்’ என்பதே இன்றைய சேலம் அல்ல. இன்றைய தருமபுரி, கிருஷ்ணகிரி, நாமக்கல் எல்லாம் அதற்குள் இருந்தன, திருப்பத்தூர் தாலுகாவும் இருந்தது. புரொபோசலில் ஒட்டியிருந்த வரைபடம் இன்றைய மாவட்ட எல்லையில் இருந்தது.

மூன்றாவதுதான் கூட்டத்தின் போக்கை மாற்றியது. பேச்சு ஆங்கிலத்தில் போய்க்கொண்டிருந்தது, மாணவி படிவத்தில் இருந்ததையே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார். “சரி, அதை மூடி வைங்க. தமிழ்லயே சொல்லுங்க, இதுல உங்களுக்கு என்ன தெரியணும்?” என்று கேட்டேன். கொஞ்சம் தயங்கினார். அப்புறம் சொன்னது இது: “கஞ்சி ஊத்துனாங்க, வேலை கொடுத்தாங்கன்னு எல்லா புத்தகத்துலயும் இருக்கு சார். யாருக்குக் கொடுக்கணும், யாருக்குக் கூடாதுன்னு ஊருக்குள்ள யார் முடிவு பண்ணாங்க? அது எங்கயும் இல்ல.”

14 பக்கத்திலும் இந்த ஒரு வரி இல்லை. அடுத்த இரண்டு நிமிஷம் கமிட்டியில் யாரும் பேசவில்லை, கைடு மட்டும் தன் குறிப்பேட்டில் அதை எழுதிக்கொண்டார்.

எடுத்த முடிவும் காரணமும்

கமிட்டிக்கு முன்னால் மூன்று வழிகள். நிராகரித்து வேறு தலைப்பு கேட்கலாம். சிறு திருத்தங்களோடு ஏற்கலாம், பெரும்பாலான கமிட்டிகள் செய்வது இதுதான், தலைப்பில் ஆண்டைக் கொஞ்சம் வெட்டி, ‘சிறப்புப் பார்வையுடன்’ என்று ஒரு ஒட்டுச் சேர்த்து அனுப்பிவிடுவார்கள். அல்லது தள்ளிவைக்கலாம்.

கைடு இரண்டாவதையே விரும்பினார். அவர் சொன்ன காரணங்கள் நியாயமானவை. உதவித்தொகைக்கு முன்னேற்ற அறிக்கை போக வேண்டும், புரொபோசல் ஏற்கப்படாவிட்டால் அதில் சிக்கல் வரும். சென்னையில் தங்கி ஆவணம் பார்க்கப் பணம் வேண்டும், அதை யார் கொடுப்பது? “ஆவணம் பார்க்கறது பிஎச்.டி.யோட வேலை, புரொபோசலோட வேலை இல்ல” என்றும் சொன்னார்.

கடைசி வாதத்தோடு எனக்கு உடன்பாடில்லை. வரலாற்றில் கேள்வி ஒரு பக்கமும் ஆதாரம் ஒரு பக்கமுமாகத் தனித்தனியே நிற்பதில்லை. எந்தத் துறையின் கோப்பு இன்று மிச்சம் இருக்கிறது, அதில் யார் யாருக்கு எழுதியது இருக்கிறது என்பதைப் பொறுத்தே எதைக் கேட்க முடியும் என்பது அமைகிறது. அந்தப் பெண் தமிழில் சொன்ன கேள்வி நல்ல கேள்வி. ஆனால் அதற்குப் பதில் சொல்லக்கூடிய காகிதம் எழும்பூரில் இருக்கிறதா என்று எங்களில் யாருக்கும் தெரியாது. அது தெரியாமல் ஏற்றால் இரண்டு வருஷம் கழித்து அவரேதான் அழுவார்.

தள்ளிவைத்தோம். ஆனால் வெறுமனே தள்ளிவைக்கவில்லை. சேலம் மாவட்டம், 1876–78 என்று மட்டும் எல்லை கட்டினோம். சேலத்துக்குக் காரணங்கள் இருந்தன: மிகவும் அடிபட்ட மாவட்டங்களில் ஒன்று, பெரும்பகுதி தமிழ் பேசும் பகுதி, மாணவிக்கு நிலம் தெரியும். ஆவணக்காப்பகத்தில் ஒரு மாத அளவு உட்கார வேண்டும். திரும்பி வரும்போது புதிய புரொபோசல் வேண்டாம், தானே எடுத்துப் படித்த 20 ஆவணங்களின் பட்டியலும், ஒவ்வொன்றும் யார் யாருக்கு எப்போது எதற்காக எழுதியது என்ற இரண்டு வரிக் குறிப்பும் போதும். உதவித்தொகைக்குப் போக வேண்டிய அறிக்கையில் ‘முதன்மை ஆதாரக் கணிப்பு நடக்கிறது’ என்று கமிட்டியே கையெழுத்திட்டுக் கொடுத்தது, அந்தச் சிக்கல் அதோடு தீர்ந்தது. பணச் சிக்கல் தீரவில்லை. மாணவி உறவினர் வீட்டில் தங்கினார்.

எழும்பூரில்

முதல் வாரம் ஒன்றும் நடக்கவில்லை. எல்லோருக்கும் அப்படித்தான் போகும். அனுமதிக் கடிதம், அப்புறம் இண்டெக்ஸ், அப்புறம் சீட்டு எழுதிக் கொடுத்துக் காத்திருத்தல், அப்புறம் ‘பேப்பர் நொறுங்குது, தர முடியாது’ என்ற பதில்.

இரண்டாம் வாரம் ஒரு தடை. 1877-ஆம் வருஷத்து இண்டெக்ஸில் சேலம் என்று தேடினால் கலெக்டர் அனுப்பிய நிலவர அறிக்கைகள், மழை, விலை, வேலைத் தளங்களில் எத்தனை பேர் என்ற எண்ணிக்கைகள் வருகின்றன, ஊருக்குள் நடந்தது எதுவும் வரவில்லை. கைடுக்குப் போன் செய்து, ‘சார், என் கேள்விக்கு ஆவணமே இல்ல போல’ என்று சொல்லியிருக்கிறார்.

இங்கே கைடு செய்த உதவிதான் இந்த நிகழ்விலேயே பெரிய திருப்பம் என்று நினைக்கிறேன். அவர் வருவாய் நிர்வாக வரலாற்றில் வேலை செய்தவர். அரசாங்கக் கோப்பு, சம்பவம் நடந்த நாளில் போய் உட்காராது, அதன்மீது உத்தரவு போட்ட நாளில்தான் உட்காரும் என்று எடுத்துச் சொன்னார். ஒரு கிராமத்தில் 1877 ஆகஸ்டில் நிவாரணப் பணத்தில் தகராறு என்றால், மனு தாசில்தாருக்குப் போய், விளக்கம் கேட்டு, சப்-கலெக்டர் விசாரித்து, கலெக்டர் எழுதி, சென்னையில் வருவாய் வாரியம் உத்தரவு போடுவதற்குள் 1878 பாதி போய்விடும், சில 1879-க்கே போகும். அதே மாதிரி வருவாய்க் கணக்கு எல்லாம் பசலியில், அதாவது ஜூலையில் தொடங்கும் வருவாய் ஆண்டில், ஓடும். பசலி 1286 என்றால் 1876 ஜூலையிலிருந்து 1877 ஜூன் வரை, அதற்கான ஜமாபந்தி (ஆண்டு நிலவரிக் கணக்கு முடிப்பு) அறிக்கை அதற்கும் பிறகு எழுதப்பட்டிருக்கும். “நீங்க பஞ்சம் நடந்த வருஷத்தைத் தேடறீங்க. பஞ்சத்துக்குக் கணக்குக் கேட்ட வருஷத்தைத் தேடுங்க” என்றார்.

1878, 1879 இண்டெக்ஸ்களில் தேடியபோது வேறு வகைக் காகிதங்கள் வந்தன. கிராம அதிகாரிகள் மீதான புகார்கள், அவற்றின்மேல் விசாரணை, தாசில்தார்களின் விளக்கங்கள், செலவுக் கணக்கில் தணிக்கைக் கேள்விகள். பட்டியலில் 20 கேட்டிருந்தோம், அதற்குமேலேயே எழுதிக்கொண்டு வந்தார். இதை எந்தக் கோர்ஸ் ஒர்க் பாடத்திலும் சொல்லிக் கொடுப்பதில்லை.

இடையில் வந்த சபலம்

ஆனால் அவர் திரும்பி வந்தது தன் பழைய கேள்வியோடு அல்ல. அன்றைய சுகாதார அதிகாரி கார்னிஷ் மேல் ஆசையோடு வந்தார்.

அந்த ஆசை எனக்குப் புரிகிறது. கதை அப்படி. 1877 ஜனவரி 1-ஆம் தேதி டில்லியில் வைஸ்ராய் லிட்டன் விக்டோரியாவைப் பேரரசியாக அறிவிக்கும் தர்பாரை நடத்துகிறார், சென்னை மாகாணம் பட்டினியில் இருக்கிறது. அதே மாதம் செலவைக் கட்டுப்படுத்த சர் ரிச்சர்ட் டெம்பிள் தெற்கே அனுப்பப்படுகிறார். வேலைத் தளத்தில் ஒரு ஆணுக்கு நாள் கூலி ஒரு பவுண்டு தானியமும் ஒரு அணாவும் போதும் என்கிறார். மாகாணத்தின் சுகாதார ஆணையர் டாக்டர் கார்னிஷ் எதிர்க்கிறார்: கடும் உழைப்புக்குக் குறைந்தது ஒன்றரை பவுண்டு தானியம், அதோடு பருப்பும் காய்கறியும் வேண்டும் என்று. 1877 மார்ச்சில் மாகாண அரசு பாதி வழிக்கு இறங்கி வந்து 1¼ பவுண்டும் கொஞ்சம் பருப்புமாகக் கூட்டுகிறது. அதற்குள் எத்தனையோ பேர் போய்விட்டார்கள். வில்லனும் உண்டு, நாயகனும் உண்டு, ஆவணமும் அச்சிலேயே கிடைக்கிறது.

பிரச்சினை அதுதான். அச்சிலேயே கிடைக்கிறது. அன்று சென்னையில் பத்திரிகை ஆசிரியராக இருந்த வில்லியம் டிக்பி 1878-லேயே இரண்டு பாகமாக இதையெல்லாம் எழுதிவிட்டார், அதன்பின் பஞ்சத்தைப் பற்றி எழுதிய யாரும் டெம்பிள் கூலியை விட்டதில்லை. இதில் புதிதாகச் சொல்ல ஒரு முனைவர் ஆய்வேட்டுக்கு இடம் உண்டா? இருக்கலாம், ஆனால் அதற்கு லண்டன் ஆவணங்களும் மருத்துவ வரலாற்றுப் பயிற்சியும் வேண்டும். அதோடு அந்தச் சண்டை முழுவதும் அதிகாரிகளுக்கும் அதிகாரிகளுக்கும் நடந்தது. ‘ஊருக்குள்ள யார் முடிவு பண்ணாங்க’ என்று கேட்டவர் கவர்னர் மாளிகைக்குள் போய் உட்கார்ந்துவிட்டால் எப்படி? கைடும் நானும் இந்த ஒரு விஷயத்தில் ஒன்றாக நின்றோம். கார்னிஷ் முன்னுரையில் வரட்டும், தலைப்பில் வேண்டாம் என்றோம். மாணவிக்கு அது பிடிக்கவில்லை, ஒரு வாரம் பேசவில்லை என்று கைடு பிறகு சிரித்துக்கொண்டே சொன்னார்.

இன்னொரு தடுமாற்றமும் இதே நேரத்தில். டேவிட் ஆர்னால்ட் 1984-இல் சென்னைப் பஞ்சத்தில் உழவர்களின் மனநிலையையும் செயல்பாட்டையும் பற்றி எழுதிய கட்டுரையை அப்போதுதான் படித்திருக்கிறார். ‘எல்லாத்தையும் எழுதிட்டாங்க சார், எனக்கு என்ன மிச்சம்?’ என்ற கேள்வி. பிஎச்.டி. மாணவர்கள் எல்லோருக்கும் வருவதுதான். ஒரு கட்டுரை இருக்கிறது என்பது வழி அடைபட்டுவிட்டது என்றாகாது, அது எந்த இடத்தில் நிற்கிறது என்று பார்த்து அதற்குப் பக்கத்தில் எங்கே நிற்கலாம் என்று யோசிக்கச் சொன்னோம். அந்தக் கட்டுரையின் கவனம் உழவர்கள் மேல். உதவி கேட்டவருக்கும் அரசுக்கும் நடுவில் நின்ற கிராம அதிகாரிகள், அதாவது ஊர்க் கணக்கு எழுதும் கர்ணமும் ஊர்த் தலைவரான மணியக்காரரும், அதன் மையம் அல்ல.

இரண்டாம் வரைவு

இந்தமுறை முதலில் தமிழில் எழுதச் சொன்னார் கைடு, படிவத்தைத் தொடாமல். ஆறு பக்கம் வந்தது. பிறகு படிவத்துக்காக ஆங்கிலத்தில் எழுதியபோதும் ஆறைத் தாண்டவில்லை.

கேள்வி இப்படி அமைந்தது. 1876–78-இல் உதவி மூன்று வழியாக வந்தது: சாலையும் ஏரியும் வெட்டும் வேலைத் தளம், கஞ்சித் தொட்டியும் முகாமும், கிராம அதிகாரிகள் வழியாக வீட்டிலேயே கொடுத்த பணம். முதல் இரண்டிலும் ஆள் நேரில் வந்து நிற்க வேண்டும். மூன்றாவதில் ஒருவர் பட்டியல் எழுத வேண்டும். அந்தப் பட்டியலை எழுதியவர்கள் கிஸ்தி (நிலவரி) வசூலிக்கும் அதே கர்ணமும் மணியக்காரரும். யார் ஏழை, யார் வேலை செய்ய முடியாதவர் என்று தீர்மானிக்கும் அதிகாரம் வரி வசூலிப்பவர் கையில் இருந்தபோது, சேலம் மாவட்டத்தின் ஒன்பது தாலுகாக்களில் அது எப்படிச் செயல்பட்டது, எங்கே எதிர்ப்பு வந்தது, மேலதிகாரிகள் அதை எப்படிக் கையாண்டார்கள்?

படிவம் கருதுகோள் கேட்டது. வரலாற்றுக்குக் கருதுகோள் தேவையா என்ற சண்டையை இங்கே இழுக்க விரும்பவில்லை, கட்டம் இருக்கிறது, நிரப்பியாக வேண்டும். ஆனால் தோற்கக்கூடிய ஒன்றை எழுதச் சொன்னோம். அவர் எழுதியது: பஞ்ச நிவாரணம் கிராம அதிகாரிகளின் அதிகாரத்தைக் குறைக்கவில்லை, கூட்டியது. இது பொய்யாகவும் போகலாம். விசாரணைகளில் பெரும்பாலும் அவர்கள் தண்டிக்கப்பட்டிருந்தால், நிவாரணம் வெளி அதிகாரிகள் கைக்கு மாறியிருந்தால், கருதுகோள் விழும். எந்த ஆவணம் கிடைத்தால் தன் கருத்து விழும் என்று அவரே ஒரு பத்தி எழுதியிருந்தார். நான் பார்த்த புரொபோசல்களில் அப்படி ஒரு பத்தி அரிது.

ஆதாரப் பகுதியில் ‘தமிழ்நாடு ஆவணக்காப்பகம், சென்னை’ என்று ஒற்றை வரி போடும் வழக்கத்தை விட்டுவிட்டு, எந்தத் துறை, எந்த வருஷத்துத் தொகுதிகள், அவற்றில் எதைப் பார்த்தாயிற்று, எது நொறுங்கிக் கிடக்கிறது என்று எழுதினார். மக்கள்தொகை எண்ணுக்குப் பக்கத்தில் அதை ஏன் சாவுக் கணக்காக எடுக்க முடியாது என்ற விளக்கம். சுதேசமித்திரன் போய்விட்டது. தாது வருஷத்தைப் பற்றிய கும்மிப் பாடல்கள் வந்திருந்தன, வாய்வழியாக ஓடிப் பின்னால் பதிவானவை என்ற எச்சரிக்கையோடு.

இரண்டாம் கூட்டம்

கமிட்டியின் மூத்தவருக்கு ஒரே ஒரு ஆட்சேபம்: சின்னதாகிவிட்டது. ஒரு மாவட்டம், இரண்டு வருஷம், இது கட்டுரைக்குத்தான் போதும், ஆய்வேட்டுக்குப் போதாது. இந்தக் கவலை நம் ஊரில் ஆழமாக ஊறியது. தலைப்பு பெரிதாக இருந்தால் உழைப்பும் பெரிது என்ற எண்ணம். மாணவி ஆதாரப் பட்டியலைக் காட்டி, இதையே முழுதாகப் படிக்க எவ்வளவு காலம் ஆகும் என்று கணக்குச் சொன்னார், அதிகபட்சமான ஆறு வருஷத்துக்குள் இடம் இருக்கிறதே தவிர அதிகமாக இல்லை. மூத்தவர் முழுதாகச் சமாதானம் ஆகவில்லை, ஆனால் ஒப்புக்கொண்டார்.

இரண்டு நிபந்தனைகளோடு ஏற்றோம். வரைவில் இருந்த, இலங்கைக்குப் போனவர்களைப் பற்றிய இயலை மறுபரிசீலனை செய்ய வேண்டும், அது தனி ஆய்வேடு. பஞ்சத்துக்குப் பின் அரசாங்கம் அமைத்த பஞ்சக் கமிஷனின் 1880 அறிக்கையை 1877-இல் நடந்ததற்கு நேரடிச் சாட்சியாக எடுக்கக் கூடாது, அது எல்லாம் முடிந்தபின் கொள்கை வகுக்க எழுதியது.

அதன்பின் நடந்தது

ஒரு வருஷம் தாண்டிய பிறகு நிலவரம் இது. வீட்டு உதவிப் பட்டியல்கள், அதாவது பெயரோடு கூடியவை, கிடைக்கவில்லை. தாலுகா வாரியான மொத்தங்கள்தான் மேலே போயிருக்கின்றன, ஊர்ப் பட்டியல்கள் சென்னைக்கு வந்து சேரவே இல்லை போலிருக்கிறது. அந்தப் பட்டியல்களை நம்பி வைத்திருந்த இயல் விழுந்துவிட்டது. அதற்குப் பதிலாக விசாரணைக் கோப்புகளையே மையமாக வைத்து இயலை மாற்றினார். அதில் வேறு ஒரு ஆபத்து: தகராறு நடந்த ஊர்தான் கோப்பில் வரும், சத்தமில்லாமல் பட்டியல் எழுதிச் சத்தமில்லாமல் பட்டினி கிடந்த ஊர் வராது. இதை ஆய்வேட்டில் எப்படிக் கையாள்வது என்று இன்னும் முட்டிக்கொண்டிருக்கிறார், எங்களிடமும் நல்ல பதில் இல்லை.

இலங்கை இயல் போய்விட்டது. கும்மிப் பாடல்கள் ஒரு இயலாக இருந்தது அரை இயலாகச் சுருங்கிவிட்டது. கருதுகோள் இன்னும் விழவில்லை, ஆனால் எல்லாத் தாலுகாவுக்கும் பொருந்தாது என்று தெரிய ஆரம்பித்திருக்கிறது. மூன்று இயல்களின் முதல் வரைவு கையில் இருக்கிறது. புரொபோசல் தள்ளிப்போன மாதங்களால் மொத்த வேலை பின்தங்கவில்லை என்பது கைடின் கணிப்பு. முதலில் இதை எதிர்த்தவர் அவர்தான் என்பதால் அந்தக் கணிப்புக்கு மதிப்புத் தருகிறேன்.

எதை மாற்றலாம்

கல்லூரி அளவில் செய்யக்கூடியது ஒன்று உண்டு. கோர்ஸ் ஒர்க்கில் ஆய்வு முறையியல் தாளின் ஒரு பகுதியை ஆவணக்காப்பக இண்டெக்ஸை வாசிக்கும் பயிற்சியாக மாற்றலாம். பசலி என்றால் என்ன, உத்தரவுத் தேதியும் சம்பவத் தேதியும் ஏன் வேறு, ஒரு மனு எந்தெந்த மேசையைத் தாண்டி எங்கே போய் நிற்கும் என்பது மூன்று வகுப்பில் சொல்லிக்கொடுக்கக்கூடியது. முறையியல் தாளில் இப்போது வரலாற்றாசிரியர்கள் ராங்கேயின் மேற்கோளையும் ஈ.எச். கார் என்ன சொன்னார் என்பதையும் மனப்பாடம் செய்கிறார்கள், அதுவும் வேண்டியதுதான், ஆனால் அதை வைத்து ஒரு ஆவணக் கட்டைக்கூடத் தேடி எடுக்க முடியாது.

பணம். உறவினர் வீடு இல்லாத மாணவிக்கு இந்த முடிவை நாங்கள் எடுத்திருக்க முடியுமா? நேர்மையாகச் சொன்னால் தயங்கியிருப்போம். சென்னைக்கு வெளியே இருக்கும் கல்லூரிகள் புரொபோசல் கட்டத்திலேயே ஒரு மாதத் தங்கும் செலவைத் துறை நிதியில் ஒதுக்காவிட்டால், ஆவணம் பார்த்து எழுதிய புரொபோசல் சென்னை மாணவர்களின் சலுகையாகவே இருக்கும்.

கமிட்டிகள் முதல் கூட்டத்தில் பத்து நிமிஷமாவது மாணவர் சிந்திக்கும் மொழியில் பேசவிடலாம். இதற்கு விதியும் வேண்டாம், நிதியும் வேண்டாம்.

படிவத்தை மாற்றச் சொல்லிப் பல்கலைக்கழகத்துக்கு எழுதினோம். பதில் வரவில்லை.

தீராமல் இருப்பது முடிவு ஆண்டு. கைடு ஆய்வை 1883 வரை நீட்ட வேண்டும் என்கிறார், பஞ்சக் கமிஷனுக்குப் பின் வந்த தற்காலிகப் பஞ்சச் சட்டத் தொகுப்பில் கிராம அதிகாரிகளுக்கு என்ன இடம் கொடுத்தார்கள் என்று பார்க்காமல் ‘அதிகாரம் கூடியது’ என்று சொல்ல முடியாது என்பது அவர் வாதம். 1879-இல் விசாரணைக் கோப்புகளோடு நிறுத்திவிடலாம், அதற்குமேல் போனால் மறுபடி மேலதிகாரிகளின் கொள்கை வரலாறாகிவிடும் என்பது என் எண்ணம். மாணவி இரண்டுக்கும் நடுவில் 1880 என்று எழுதி வைத்திருக்கிறார். அடுத்த கமிட்டிக் கூட்டத்தில் முதலில் வரப்போவது இதுதான்.